காத்தமுத்துவுக்கு ஓர் இலை

என் மாமியார் ராஜகுமாரி சண்டைக்காரி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மருமகள் வாயிலிருந்து வந்தால் எதுவும் குறையாகத்தான் கேட்கும், அதற்கு நான் என்ன செய்ய முடியும். மெல்பர்னில், கிளென் வேவர்லியில் எங்கள் தெருவில் குப்பைத்தொட்டியைத் தவறான கிழமையில் வெளியே வைத்தவர்கள், மளிகைக் கடை வரிசையில் முந்தியவர்கள், சாம்பாரில் வெல்லம் போட்ட நான், எல்லோருமே அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். அந்தச் சண்டைகளில் பாதி மறந்துவிட்டது. ஒன்றை மட்டும் நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. முன்னாள் படைவீரர் கிளப் ஒன்றோடு ஒரு வாழை இலைக்காக அவர் போட்ட சண்டை அது. ஜெயித்துக் காட்டினார்.

மலேசியாவில் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர். அங்கே யாரும் ரப்பர் என்று சொல்வதில்லை, கித்தா என்பார்கள். அப்பா காத்தமுத்து கித்தா மரத்தில் பால் வெட்டுகிறவர். மகளுக்கு ராஜகுமாரி என்று பேர் வைத்தபோது தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கர், சிரித்தாராம். கூலிகளின் லயத்து வீட்டில் பிறந்ததுக்கு ராஜகுமாரியா என்று கேட்டாராம். "எம் பொண்ணு எனக்கு ராஜகுமாரி. ஒங்களுக்கு என்னாங்க?" என்று காத்தமுத்து திருப்பிக் கேட்டிருக்கிறார். அத்தைக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்தது.

நான் திருச்சியில் வரலாறு படித்தவள். போரின் காரணங்களும் விளைவுகளும் என்று ஒரு கேள்வி வருடம் தவறாமல் வரும். குடியேற்ற நாடுகள், மூலப்பொருள், சந்தை, வல்லரசுகளின் போட்டி என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அத்தைக்கு அந்தக் கேள்வியைக் கொடுத்திருந்தால் தாளில் பாதி வெறுமையாக இருக்கும். "வெள்ளக்காரனுக்கு டயருக்குக் கித்தா வேணும். ஜப்பான்காரனுக்கும் அதே கித்தா வேணும். மரம் இருந்த எடத்துல வந்து அடிச்சிக்கிட்டானுங்க. மரத்தடியில நாங்க இருந்தோம், அவ்வளவுதான்" என்பார். காரணம் முடிந்தது. விளைவைச் சொல்லத்தான் அவருக்கு வாழ்நாள் முழுக்கப் பிடித்தது.

வெள்ளைக்காரத் துரை மோட்டாரில் ஏறி சிங்கப்பூருக்கு ஓடினார். ஜப்பான்காரர்கள் சைக்கிளில் வந்தார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாதம்தான், திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவோம் என்றார்கள். லாரி வந்து நின்ற காலையில் அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அரிசி கண்ணில் படாத காலம் அது. காலைச் சாப்பாட்டை அந்த ஊர்த் தமிழர்கள் பசியாறுவது என்பார்கள். "பசியாறிட்டுப் போங்க" என்று அத்தையின் அம்மா அடுப்படியிலிருந்து கத்தியிருக்கிறார். லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். "வந்து பசியாறிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு காத்தமுத்து ஏறிப் போனார். அத்தைக்கு அப்போது ஏழு வயது.

அவர் வரவில்லை. தோட்டத்திலிருந்து போனவர்களில் வந்து சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர். காத்தமுத்து எந்த முகாமில் இருந்தார், என்ன ஆனார் என்று அவர்களில் யாருக்கும் தெரியவில்லை. போர் முடிந்ததும் துரை மட்டும் அதே பங்களாவுக்குத் திரும்பி வந்தார். மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டார்கள். காணாமல் போனவர்களின் பேரைக் கூப்பிடவில்லை, அவர்கள் எங்கே என்று கேட்கவும் இல்லை. மரங்களைத்தான் எண்ணினார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் அத்தையின் குரல் தாழ்ந்துவிடும்.

அத்தையின் அம்மா பொட்டை அழிக்கவில்லை. காலையில் எது சமைத்தாலும் ஒரு பங்கு எடுத்து மூடி வைத்தார், கண்ணை மூடும் வரைக்கும். படையல் போடலாமா என்று யாராவது வாயெடுத்தால் விளக்குமாறு பறக்கும். உயிரோடு இருப்பவனுக்குச் சோறு போடு, படையல் போட்டால் நாமே கொன்றது போல என்பது அவருடைய கட்சி. அவர் போன பிறகு அந்தக் கட்சி அத்தையின் தலையில் விழுந்தது. அப்பா இறந்தவரா, இருப்பவரா? இறந்தவர் என்றால் எங்கே, எந்த நாளில்? பசியோடு போன மனுஷனுக்கு ஒரு வேளைச் சோறு போட வேண்டும், அது ஒன்றுதான் அவருடைய ஆசை. எதை நம்பிப் போடுவது என்றுதான் தெரியவில்லை.

அவருடைய மகன், என் கணவர் குணசீலன், எண்பத்து மூன்றில் மெல்பர்னுக்குப் படிக்க வந்து, என்ஜினியராகி, இங்கேயே நின்றுவிட்டார். மாமனார் காலமான பிறகு அத்தையும் வந்து சேர்ந்தார். தொண்ணூற்று மூன்றில் நான் மருமகளாக வந்தேன். கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு நாங்கள் போன ஒரு நாள் அத்தை குருக்களிடம் கேட்டார். திதி தெரியாவிட்டால் பரவாயில்லை, மகாளய அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் விடலாம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். காரில் ஏறியதும் அத்தை ஆரம்பித்தார்.

"எங்கப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் எந்த மூலைக்கு? அவருக்குக் கருவாடு வேணும், ஒரு மங்கு கள்ளு வேணும், சுருட்டு வேணும்."

"கோயிலுக்குள்ள கருவாடா அத்தை?"

"அதான் நானும் சொல்றேன். இது அவரு பசியாற எடமில்ல."

வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அவர் ஏற்கெனவே ஒரு வேலை பிடித்திருந்தார். எங்கள் பக்கத்துப் பேட்டையில் இருந்த படைவீரர் கிளப்பின் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கப் போனவர், இரண்டே வருடத்தில் அடுப்பைக் கைப்பற்றிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் ராஜகுமாரியின் கோழிக் கறிக்குக் கிழவர்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களில் பெர்ட் என்று ஒரு நெட்டைக் கிழவர். கறியை ஆசையாக வாங்குவார், சோற்றைத் தொடமாட்டார், உருளைக்கிழங்கு வறுவலைத் தொட்டுத் தின்பார். கிறுக்குப் பிடித்த மனுஷன் என்று அத்தை முடிவு கட்டியிருந்தார்.

தொண்ணூற்று ஐந்து ஏப்ரல் இருபத்தைந்து, ஆன்சாக் தினம். போரில் மாண்டவர்களுக்காக இந்த நாட்டில் விடியற்காலையில் கூடி நிற்பார்கள். சட்டையில் ரோஸ்மேரி என்ற வாசனைத் தழைக் கொத்து, ஊதுகொம்பு, ஒரு நிமிட மௌனம், பிறகு கிளப்பில் முட்டையும் பேக்கனும். கூட்டம் கலைந்து உள்ளே போன பிறகு, பெர்ட் மட்டும் நினைவுக்கல் பக்கத்தில் நின்றதை அத்தை சமையலறை ஜன்னல் வழியே பார்த்தார். கிழவர் ஒரு பீர் பாட்டிலைத் திறந்து கல்லடியில் வைத்தார். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, தாம் இழுக்காமல், மண்ணில் நட்டு வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முட்டை உடைக்க ஒத்தாசைக்குப் போயிருந்த என் கையை அத்தை பிடித்து இழுத்தார்.

"பத்மா, இங்க பாரேன். வெள்ளக்காரன் படையல் போடுறான்."

அடுப்பை அணைத்துவிட்டு நேரே வெளியே போனார். நானும் பின்னால் ஓடினேன். யாருக்கு இது என்று கேட்டார். என் கூட்டாளிக்கு என்றார் பெர்ட். எங்கே போனார் என்று கேட்டார் அத்தை. ஜப்பான்காரனிடம் கைதியாகி பர்மா ரயில் பாதையில் வேலை செய்தோம், அங்கேதான் புதைத்தேன் என்றார் அவர். அத்தை ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு ஓரடி கிட்டே போனார்.

"எங்கப்பாவும் அங்கதான் போனாரு. மலாயாத் தமிழரு" என்று தம் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

பெர்ட் அவரை நன்றாகத் திரும்பிப் பார்த்தார். "உங்கள் ஆட்களின் முகாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது" என்றார். "சாயங்காலம் தகரத்தைத் தட்டிப் பாடுவார்கள். மழை பிடித்ததும் காலரா வந்தது. எங்களுக்கு டாக்டர் இருந்தார். கொதிக்காத தண்ணீரைத் தொட்டால் காதைத் திருகுகிற அதிகாரி இருந்தார். அவர்களுக்கு யாருமே இல்லை. பிறகு எங்களுக்குப் பாட்டுக் கேட்கவில்லை."

"பொழச்சவங்க இருப்பாங்களா?"

"சிலர் இருந்தார்கள். பிழைத்தவர்கள் போர் முடிந்த கையோடு வீட்டுக்குத்தான் ஓடினார்கள். நானும் அப்படித்தான் ஓடினேன்."

சோற்றைத் தாம் ஏன் தொடுவதில்லை என்பதையும் அன்று அவர் சொன்னார். மூன்றரை வருடம் புழு நெளிகிற அரிசிக் கஞ்சி. விடுதலையாகி வந்த நாளிலிருந்து ஒரு பருக்கை வாயில் வைத்ததில்லை.

திரும்பி வரும் வழியில் அத்தை காருக்குள் அழுதார். சத்தம் போட்டே அழுதார். "அப்பா இல்ல பத்மா. இருந்திருந்தா வந்திருப்பாரு. கெழங்கு ஆறிப்போகுதேன்னாச்சும் வந்திருப்பாரு" என்றார். நான் வண்டியை ஓரங்கட்டினேன். அழுது முடித்துவிட்டு மூக்கைச் சிந்தி, அடுத்த வருஷம் அந்தக் கல்லடியில்தான் அப்பாவுக்கு இலை என்றார். அதே ரயில் பாதையில் செத்தவனுக்குப் படைக்கிற இடம், அப்பாவுக்கும் அதுதான் பொருத்தம் என்பது அவர் கணக்கு. எனக்கும் அதில் தப்புத் தெரியவில்லை.

அடுத்த வருடம் ஸ்பிரிங்வேல் சந்தையில் வாழை இலை வாங்கினோம். சோறு, ஆட்டுக்கறி, கருவாட்டுச் சம்பல், அன்றைக்கு அவர் தின்னாமல் போன மரவள்ளிக்கிழங்கு. கள்ளுக்கு எங்கே போவது? தோட்டத்தில் தீபாவளிக்கு வாங்குகிற கறுப்பு ஸ்டவுட் பீர் ஒரு பாட்டில். சுருட்டை குணசீலன் எங்கோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். கூட்டம் கலைந்ததும் பெர்ட் தம் பீரை வைத்தார், அத்தை பக்கத்தில் இலையை விரித்துப் பரிமாறினார். காக்கை வந்து எடுக்கட்டும், அதற்குள் பேக்கனைப் பொரித்துவிடுவோம் என்று அத்தையும் நானும் உள்ளே போனோம்.

கால் மணி கழித்து வந்து பார்த்தால் இலையைக் காணோம். பெர்ட்டின் பீர் பாட்டில் மட்டும் அப்படியே நின்றது. கிளப் தலைவர் கிளைவ் ரப்பர் கையுறையோடு குப்பைத்தொட்டியின் மூடியைச் சாத்திக்கொண்டிருந்தார். யாரோ வாங்கித் தின்ற சாப்பாட்டைப் புனிதமான இடத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், எலி வந்துவிடும் என்றார். வீடு விற்கும் தரகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் துப்புரவாக வைத்திருக்கிறவர்.

அத்தை தொட்டியைத் திறந்து பார்த்தார். காபிச் சக்கைக்கு நடுவில் சோறு கிடந்தது. காக்கை தொடாத படையல் குப்பைக்குப் போவதைவிடப் பெரிய அவமானத்தை எங்கள் பக்கம் யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. அவர் கத்துவார் என்று நான் பயந்தேன். அவர் கத்தவில்லை. ஏப்ரனை அவிழ்த்து மடித்து கிளைவின் கையில் கொடுத்தார். "பீரும் படையல்தான், சோறும் படையல்தான். ஒன்னுக்குக் கல்லடி, ஒன்னுக்குக் குப்பையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தார். அன்று ஊர்ப்பட்ட கிழவர்களுக்கு முட்டை இல்லை.

பிறகு கிளப்பில் வெள்ளிக்கிழமைகள் வந்தன, கறி வரவில்லை. புதிதாக வந்த சமையல்காரரின் கிரேவியைப் பற்றிக் கேள்விப்பட்டதை எழுதினால் பாவம், அவருக்கும் குடும்பம் இருக்கும். உறுப்பினர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு சத்தமாகவே முணுமுணுத்தார்கள். கடைசியில் கிளைவ் ஒரு பூங்கொத்தோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று வருத்தம் சொன்னார். நல்ல மனிதர்தான். அத்தை பூங்கொத்தை வாங்கி வைத்துக்கொண்டார். "வருத்தம் வேணாம். அடுத்த வருஷம் எங்கப்பா எலைக்கு எடம் வேணும். கமிட்டியில கேளுங்க. நானும் வந்து கேக்குறேன்" என்றார்.

கமிட்டிக் கூட்டத்துக்கு நானும் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தேன். ஏதாவது எக்குத்தப்பாக ஆனால் அத்தையைப் பிடித்து இழுத்து வர ஓர் ஆள் வேண்டுமே. சுவரில் பதக்கங்கள், நடுவில் நீளமேசை, மேசையைச் சுற்றிக் கிழவர்கள். கிளைவ் தொண்டையைச் செருமினார்.

"மிஸஸ் ராஜகுமாரி, உங்கள் அப்பாவுக்காக நாங்கள் வருந்துகிறோம். ஆனால் அந்தக் கல் சீருடை அணிந்து போன படைவீரர்களுக்காக வைத்தது. அதைத் திறந்துவிட்டால் எங்கே நிறுத்துவது? அவர் தொழிலாளி. இது அவருடைய போர் இல்லை."

"அவரு போர் இல்லதான்" என்றார் அத்தை. "மரம் வெள்ளக்காரன் நட்டது. அதுக்காக அடிச்சிக்கிட்டது நீங்களும் ஜப்பான்காரனும். எங்கப்பா யாரையும் சுடல. ஆனா கூட்டிட்டுப் போயிச் சாகடிச்சது ஒங்க ரெண்டு பேரு சண்டையிலதான?"

விதி விதிதான் அம்மா, சீருடை என்பதுதான் விதி என்று கிளைவ் மேசையைப் பார்த்துச் சொன்னார்.

அத்தை மேசையின் கோடியில் இருந்த பெர்ட்டின் பக்கம் திரும்பினார்.

"பெர்ட், ரயில் பாதையில வேல செஞ்சப்ப நீங்க என்னா சீருடை போட்டிருந்தீங்க?"

பெர்ட் மேசைமேல் இருந்த தம் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

"முதல் மழையிலேயே சட்டை மக்கிப் போயிற்று" என்றார் கடைசியில். "பிறகு கால் சட்டையும் போயிற்று. இடுப்பில் ஒரு முழத் துணி. முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு முடிச்சு. எல்லோருக்கும் அதுதான்."

"எங்கப்பாவும் அதத்தான் கட்டியிருப்பாரு. எங்க ஊருல அதுக்குக் கோவணம்னு பேரு" என்றார் அத்தை. பிறகு கிளைவைப் பார்த்து, "கோவணம் கட்டினவனுக்குக் கல்லடியில எடமில்லன்னா, மொதல்ல பெர்ட் கூட்டாளியோட பீர எடுங்க. கையுறை இருக்குல்ல ஒங்ககிட்ட?" என்றார்.

யாரோ ஒரு கிழவர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். அந்த இருமல் தொற்றிக்கொண்டது. பெர்ட் சிரிக்கவில்லை. எழுந்து நின்று கையைத் தூக்கினார். "ராஜகுமாரியின் அப்பாவுக்கு இலை" என்றார். ஒவ்வொரு கையாக மேலே போயிற்று. கிளைவின் கைதான் கடைசி, ஆனால் போயிற்று. எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது. மருமகள் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

"இலை எத்தனை மணிக்கு வரும்?" என்று கிளைவ் கேட்டார், பேனாவை எடுத்தபடி.

"காலைல. பசியாறுற நேரத்துக்கு" என்றார் அத்தை.

தொண்ணூற்று ஏழு ஆன்சாக் தினம். ஊதுகொம்பு ஓய்ந்ததும் கிளைவ் மாண்டவர்களின் பேர்களை வாசித்தார். கடைசிப் பேருக்குப் பிறகு ஒரு மூச்சு நிறுத்தி, "காத்தமுத்து, அவரோடு ரயில் பாதையில் உழைத்து மாண்ட அத்தனை பேரும்" என்றார். வாரக் கணக்காக வீட்டில் சொல்லிப் பழகினாராம், அவருடைய மனைவி பிறகு சொன்னார். துரை கூப்பிடாத பேரை ஒரு வெள்ளைக்காரர் சபை நடுவில் கூப்பிட்டார். குணசீலன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்குத் துடைக்கக் கண்ணாடி இல்லை, முந்தானைதான் இருந்தது.

அத்தை அரக்குப் புடவையில் நடந்து போய் இலையை விரித்தார். சோறு, கறி, கருவாடு, கிழங்கு, ஸ்டவுட், சுருட்டு, ஓரமாக ஒரு ரோஸ்மேரிக் கொத்து. பக்கத்தில் பெர்ட்டின் பீர். பிறகு திரும்பி நின்று, காக்கை எடுக்கும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று உத்தரவு போட்டார். பதக்கம் குத்திய அத்தனை பேரும் பசியோடு குளிரில் நின்றார்கள். கிளைவ் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் வேலியிலிருந்து ஒரு மேக்பை இறங்கி வந்தது. கறுப்பும் வெள்ளையுமான இந்த ஊர்ப் பறவை. தத்தித் தத்திப் போய்க் கிழங்குத் துண்டைக் கொத்திக்கொண்டு பறந்தது.

"அத்தை, இது காக்கா இல்லையே" என்று காதருகே சொன்னேன்.

"பாதி காக்காதான? போதும், விடு."

படைத்த சோற்றில் உறவுக்காரர்கள் ஆளுக்கு ஒரு வாய் எடுக்க வேண்டும். குணசீலன் எடுத்தார், நான் எடுத்தேன். அத்தை கடைசிப் பிடியைக் கையில் எடுத்தபோது பெர்ட் தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். பதக்கங்கள் ஆட, இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டினார். அத்தை அவர் முகத்தைப் பார்த்தார்.

"பெர்ட், இது சோறு."

"தெரியும்" என்றார் அவர். "ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள் கொடுக்கிறார். வேண்டாம் என்று சொல்லமாட்டேன்."

அத்தை அவர் உள்ளங்கையில் வைத்தார். பெர்ட் வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். விழுங்க வெகு நேரம் ஆயிற்று. விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தார். கருவாடு பயங்கர நாற்றம் என்றார். அத்தை சிரித்தார், கண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் ஏப்ரனைக் கட்டினார்.

"அப்பா பசியாறிட்டாரு பத்மா" என்றார். "வா, இவனுங்களுக்கு முட்டை பொரிக்கணும்."